வேலாங்குறிச்சியின் மொத்த உயரம்

வேலாங்குறிச்சியின் மொத்த உயரம் சட்டம் போட்ட வரம்பைத் தாண்டக் கூடாது. வீடு, மரம், மின்கம்பம், மனிதர் எல்லாம் அதில் சேர்த்தி. அதனால் நூல் மில்லுக்குப் புகைபோக்கி எழுப்ப நகராட்சி முடிவு செய்தபோது, அந்த உயரத்தை ஊர்க்காரர்களிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

யாரிடம் எவ்வளவு எடுப்பது என்று எழுதிக் கொடுத்தவள் நிதி அலுவலர் சௌதாமணி. ஆளுக்கு ஒரு சாண் என்று எழுதினாள். எல்லோருக்கும் ஒரே அளவு, இதைவிட நியாயம் உண்டா என்று அப்போது அவளுக்கே தன்மேல் ஒரு பெருமை. "ஊரு வளரோணும்னா நாம கொஞ்சம் கொறைஞ்சுதான் ஆகோணும்" என்று நகராட்சித் தலைவர் குழந்தைசாமி கைதட்டலுக்கு நடுவே பேசினார். சாண் அவருடைய கையால் அளக்கப்பட்டது. பெரிய கை.

நெட்டையானவர்களில் பலர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்கிக்கொண்டார்கள். அதிகாரிகளின் உயரம் நிர்வாகச் செலவில் வருவதால் அதைத் தொட விதியில் இடமில்லை. விட்டுப்போன சாண்களை எல்லாம், தடை வாங்கத் தெரியாத கீழத்தெருவில் சரிக்கட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் சௌதாமணி அதற்கும் கையெழுத்துப் போட்டாள்.

கீழத்தெரு முக்கில் இட்லி விற்கும் மாராத்தாளிடம்தான் அவளுக்குத் தினமும் காலைச் சாப்பாடு. புகைபோக்கி எழுந்த பிறகு போனபோது மாராத்தாள் அவளுடைய முழங்கால் உயரம் இருந்தாள். அடுப்புமேடை மாராத்தாளின் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. மாவு ஊற்ற முடியாமல் வியாபாரம் நின்றிருந்தது. இந்தக் கடை போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. மில்லில் வேலை தருகிறார்கள்தான், ஆனால் வாசல் மணியை எட்டி அடிக்க வேண்டும்.

"ஏனுங் மேடம், கொஞ்சம் தூக்கி உட்டீங்கன்னா ஒரு ஈடு ஊத்திப்போடுவேன்" என்றாள் மாராத்தாள். குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. சௌதாமணிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். கனமே இல்லை. பெஞ்சில் இட்லிக்குக் காத்திருந்த தணிக்கை அதிகாரி எழுந்து வந்து டேப்பைப் பிடித்தார்.

"தூக்கின உயரமும் உயரந்தாங்க. வரம்பு மீறுது. ஒண்ணு இவங்கள எறக்குங்க, இல்லீன்னா நீங்க மண்டி போடுங்க."

மண்டி போட்டிருக்கலாம். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. புடவை வேறு புதுசு. அவள் மாராத்தாளை இறக்கிவிட்டாள். வெட்கத்தில் சௌதாமணி ஓர் அங்குலம் குறைந்ததையும் அதிகாரி டேப்பில் பார்த்தார். தற்காலிகக் குறைவுகளைக் கணக்கில் எடுப்பதில்லை என்றார்.

"உடுங்க மேடம், குழி வெட்டி அடுப்ப எறக்கிக்கறேன்" என்று மாராத்தாள் கடப்பாரையை இழுத்து வந்தாள்.

அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. பள்ளம் வரவில் சேரும். மாராத்தாள் வெட்டிய ஆழத்தை ஊருக்கு மிச்சமாக எழுதினார். மாலைக்குள் அந்த மிச்சம் குழந்தைசாமி வீட்டு மாடிக்கு ஒதுக்கப்பட்டது. கீழத்தெருவில் வீட்டுக்கு ஒரு குழி வெட்டவும் உத்தரவு தயாரானது. இரண்டிலும் சௌதாமணியின் கையெழுத்து இருந்தது.

மறுநாள் காலை அவள் வேறு வழியாக அலுவலகம் போனாள். பசித்த வயிற்றோடு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மேசைக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

"நேத்து உங்கள வெறும் வயித்தோட அனுப்பிப்போட்டனுங்க. மனசே கேக்கல."

மாராத்தாள் இரு கைகளாலும் தலைக்கு மேலே பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். குனிந்து வாங்கிய சௌதாமணியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பக்கத்து மேசையிலிருந்து அதிகாரி வந்து, இட்லிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அளந்து குறித்துக்கொண்டார்.

"சாப்பிட்டதும் சொல்லுங்க. கழிச்சுக்கறேன்."

சௌதாமணி தலையைக் கவிழ்த்துக்கொண்டு கடைசி விள்ளல்வரை சாப்பிட்டாள்.

"கழிச்சுக்குங்க" என்றாள்.