தைத்து மூடிய சோபா

1

நடந்ததைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அன்று மழை பெய்ததாக எழுதி, அடித்துவிட்டேன். அந்த மழை என் வசதிக்கு வந்தது. உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான்: என் தங்கை மகளின் முதுகு வளையம் வளையமாகக் கன்றியிருந்ததை வகுப்பாசிரியை பார்த்து, மேலே சொல்லிவிட்டார். குழந்தைகள் நலத்துறையிலிருந்து விசாரிக்க வருவதாகத் தகவல் வந்தது. தங்கை மகளை நாங்கள் கூப்பிடுவது 'வாலு'.

"அந்த டீச்சருக்கு நாம என்னண்ணா பாவம் பண்ணோம்?" என்றாள் தங்கை.

"சந்தேகம் வந்தா சொல்லியே ஆகணும்மா, சட்டம் அப்படி. சொல்லாம இருந்தாதான் அவங்க மேல தப்பு."

படித்துவிட்டுத்தான் சொன்னேன். படித்ததால் பயம் ஒன்றும் குறையவில்லை.

2

முதல் வரைவில் அதிகாரியை வில்லியாக்கியிருந்தேன். "கழுகுக் கண்களோடு அவர் உள்ளே —"

(இதை இப்படியே விடுகிறேன். வந்தவர் படியேறிய களைப்பில் தண்ணீர் கேட்டார்.)

வாலுவுக்கு அம்மா பாடம் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"உன் பேரென்ன கண்ணு?" என்றார் அதிகாரி.

"அப்பா என்னை அடிக்கவே மாட்டார்" என்றாள் வாலு.

 அதிகாரி தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

3

குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். கதவு மூடியது. கதை எழுதுகிறவன் எந்த அறைக்குள்ளும் போகலாம். தாய்மாமன் போக முடியாது. உள்ளே நடந்ததைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் வாலு என்னைப் போலவே பேசினாள். கிழித்துவிட்டேன்.

"கூட்டிட்டுப் போயிடுவாங்களாண்ணா?"

தங்கை மூடிய கதவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

அதிகாரி வெளியே வந்தார். "சோபா ஸ்பிரிங்ல குதிச்சு விழுந்தேன்னு சொல்றா. எந்த சோபா?"

தங்கை கணவருக்கு சோபா பழுதுபார்க்கும் தொழில். முன்னறைதான் பட்டறை. அங்கே கிடந்த ஒரே சோபாவைக் காட்டினார்: நீலத்துணி போர்த்தி, மெத்தென்று, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். அதிகாரி உட்கார்ந்து பார்த்தார்.

"இதுல ஸ்பிரிங் எங்க இருக்கு?"

விசாரணைக்கு வருகிறவர்கள் முன்னால் வீடு அலங்கோலமாக இருக்கக் கூடாதென்று, வெறும் ஸ்பிரிங்கோடு கிடந்ததை முந்தின நாள்தான் பஞ்சு வைத்துத் தைத்து மூடியிருந்தார் மாப்பிள்ளை.

"மாசக்கணக்கா முடிக்காதவரு, நேத்துதான் முடிக்கணுமா?" என்றாள் தங்கை.

 மாப்பிள்ளை கத்தரிக்கோலை எடுத்துத் தன் தையலைத் தானே கிழித்தார். பஞ்சை அள்ளி எறிந்தார். வாலுவின் முதுகை முன்பே பரிசோதித்த மருத்துவர் அறிக்கையில் அளந்து குறித்திருந்த வளையத்தோடு அதிகாரி ஸ்பிரிங்கை அளந்து பார்த்தார். இன்னொன்றையும் அளந்தார்.

"பொருந்துது" என்றார். தங்கையிடம், "நீங்க சொல்லிக்கொடுத்ததுலதான் எனக்குச் சந்தேகம் கூடுச்சு. நாங்க பார்க்க வந்தாலே குற்றவாளின்னு அர்த்தமில்லம்மா."

பிறகு மாப்பிள்ளையிடம், "பட்டறைக்கு ஒரு கதவு போடுங்க. இது பிள்ளை விளையாடுற இடமில்ல."

"சரிங்க மேடம்" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார் அவர். ஸ்பிரிங் குத்தியும் எழுந்திருக்கவில்லை.

4

சோபா முந்தின நாளே வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விட்டதாக ஒரு முடிவும் ஆரம்பித்தேன். கை நின்றுவிட்டது. உண்மையாகவே அடிபடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் ஆசிரியைகள் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. இருண்ட முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என் தங்கை வீட்டில் வைத்து என்னால் முடியாது.

நடந்தது இதுதான். விசாரணையை முடித்துவிட்டார்கள். பட்டறைக்குக் கதவு வந்துவிட்டது. சோபா தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. தங்கை சில வாரம் ஆசிரியையோடு பேசவில்லை, இப்போது பேசுகிறாள். அதிகாரியை நாங்கள் மறுபடி பார்க்கவில்லை. வாலு வீட்டில் இருக்கிறாள்.