நூற்று நாற்பது சென்டிமீட்டர்

என் நாத்தனார் ஹெஸ்டருக்குப் பந்திக்கு முந்துவது பிறவிக் குணம். ஒவ்வொரு கோடையிலும் அவளும் அவள் புருஷன் ஸ்யூர்டும், நானும் அவள் தம்பி வீபாவும் சேர்ந்து பிரான்சில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்போம். முதலில் போய்ச் சேருகிறவருக்கு நல்ல படுக்கையறை என்பது எங்கள் வழக்கம். எங்கள் ஊர் ஃப்ரீஸ்லாந்தில் கோழி கூவுவதற்கு முன்பே அவள் ஸ்யூர்டைக் காரில் திணித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். நாங்கள் போய் இறங்கும்போது கடல் பார்த்த ஜன்னலில் அவளுடைய ஈரத்துண்டு தொங்கும். பத்து வருஷமாக இதே கதை. இந்தத் தடவை அவள் மூக்கை உடைக்காவிட்டால் என் பெயர் ரென்ஸ்கா இல்லை என்று ஜனவரியிலேயே சபதம் எடுத்தேன்.

பிரான்சின் பிரெத்தான் கடற்கரையில் ஒரு வீடு அகப்பட்டது. கடல் பார்த்த பெரிய அறையில் இரட்டைக் கட்டில், மாடியில் சாய்கூரைக்கு அடியில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள். நான் வீட்டுக்காரி மதாம் லெ கோஃபுக்கு எழுதி அளவு கேட்டேன். பதில் உடனே வந்தது. இரட்டைக் கட்டில் நூற்று நாற்பது அகலம், நூற்றுத் தொண்ணூறு நீளம், கால்மாட்டில் கெட்டியான மரப்பலகை. அவருடைய மாமனார் மாமியார் ஆறு பிள்ளைகளைப் பெற்றது அதில்தானாம், இதுவரை யாரும் குறை சொன்னதில்லையாம்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் ஊரில் தம்பதி என்றால் ஆளுக்கொரு தொண்ணூறு சென்டிமீட்டர் மெத்தை, ஆளுக்கொரு பஞ்சுப் போர்வை. ஒற்றை ஆள் போர்வையே நூற்று நாற்பது அகலம். ஸ்யூர்டோ இரண்டு மீட்டருக்கு இரண்டு விரல் மேலே. மாடிக் கட்டில்கள் ஒவ்வொன்றும் முழுசாக இரண்டு மீட்டர் நீளம். வீபாவிடம்கூட நான் மூச்சு விடவில்லை. அவனுக்கு ரகசியம் சொல்வதும் அவன் அக்காவுக்குக் கடிதம் போடுவதும் ஒன்றுதான்.

பயண நாளன்று வழியில் மூன்று இடத்தில் நிறுத்திக் காபி குடித்தேன். உடம்பு சரியில்லையா என்று வீபா கேட்டான். அவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை என்றேன்.

போய்ச் சேர்ந்தபோது ஈரத்துண்டு ஜன்னலில் இருந்தது. உள்ளே ஹெஸ்டர் ஊரிலிருந்து கொண்டுவந்த நூற்றெண்பது அகல விரிப்போடு மல்லுக்கு நின்றாள். ஒரு மூலையை இழுத்து மாட்டினால் இன்னொரு மூலை தரையில் புரண்டது. கட்டிலின் மேல் விரித்திருந்த ஒற்றை ஆள் போர்வை அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியிருந்தது. கால்மாட்டுப் பலகையை ஸ்யூர்ட் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்ல அறை" என்று ஹெஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "ரொம்ப நல்ல அறை" என்று ஒத்து ஊதிவிட்டு மாடி ஏறினேன்.

மாடியில் கூரைச் சரிவால் கட்டில்களைச் சேர்த்துப் போட முடியவில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான். வீபா காலை நீட்டினான், தூங்கிப்போனான். எனக்கும் ராஜ உறக்கம்.

முதல் நாள் காலை ஸ்யூர்ட் கழுத்தைத் திருப்ப முடியாமல் வந்து உட்கார்ந்தான். எனக்கு ரொட்டி இனித்தது. இரண்டாம் நாள் இருவரும் தாமதமாக வந்தார்கள். மூன்றாம் நாள் ஸ்யூர்ட் ஹெஸ்டரின் ரொட்டியில் வெண்ணெய் தடவி, மேலே சாக்லேட் தூவி, அதையும் பாதியாக வெட்டிக் கொடுத்தான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவளுக்கு உப்பைக்கூட நகர்த்தி நான் பார்த்ததில்லை. அவள் அவன் காதில் ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள், கன்னம் சிவக்க.

எனக்குப் பொறாமையாக இருந்தது. வீபா செய்தித்தாளில் குறுக்கெழுத்து போட்டுக்கொண்டிருந்தான். நாங்கள் கடைசியாக எப்போது ஒன்றுமில்லாததற்குச் சிரித்தோம் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. சொந்த வீட்டில் எங்கள் இரண்டு மெத்தைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை அடைக்க ஒரு பஞ்சுப் பட்டை வாங்கலாம் என்று அவன் எப்போதோ சொல்லியிருந்தான். வீண் செலவு என்று நான்தான் தட்டிக் கழித்தேன்.

மதியம் ஹெஸ்டர் தனியாகப் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தேன்.

"பாவம், ஸ்யூர்டுக்குக் கால் நீட்டவே முடியலையாமே. வேணும்னா நாங்க கீழ வந்துடறோம். நீங்க மாடிக்குப் போங்க."

அவள் துணியை மடித்து வைத்தாள்.

"நேத்து மதாம் கேக் கொண்டுவந்து குடுத்தாங்க. அளவெல்லாம் கேட்டு எழுதினது நீங்கதானான்னு என்னைக் கேட்டாங்க."

துடைத்து வைத்திருந்த தட்டை எடுத்து மறுபடி துடைக்க ஆரம்பித்தேன்.

"மொத நாளே தெரிஞ்சிருந்தா உன்னைக் கடல்ல தள்ளியிருப்பேன்" என்றாள். "இப்ப நன்றிதான் சொல்லணும். அந்தக் கட்டில்ல ஒருத்தர் திரும்பணும்னா இன்னொருத்தர்கிட்ட சொல்லிட்டுத்தான் திரும்பணும். அப்படியே பேச்சு வந்துடுது."

"அப்ப மாத்திக்கலாமா?"

"மொதல்ல வந்தவங்களுக்குத்தான் அறை, ரென்ஸ்கா. அடுத்த வருஷமும் இதே வீடுதான். நான் முந்தின நாளே கிளம்பிடுவேன்."

மாடி ஏறினேன். வீபா தன் கட்டிலில் குட்டித் தூக்கத்தில் இருந்தான். என் கட்டிலைப் பார்த்தேன். அகலமும் நீளமும் குறையே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"கொஞ்சம் நகரு."

கண்ணைத் திறக்காமலே கேட்டான், "எங்க நகர்றது? இது தொண்ணூறுதானே."

"அளவு எனக்குத் தெரியாதா? நகரு."

சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு இடம் விட்டான். ஒருக்களித்துப் படுத்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டு தடவை கீழே விழுந்தேன். இரண்டாவது தடவை விழுந்தபோது அவன் சிரித்த சிரிப்பு கீழே ஹெஸ்டர் காதுக்கே எட்டியிருக்கிறது. என்ன விஷயம் என்று படியடியிலிருந்து குரல் கொடுத்தாள். ஒன்றுமில்லை என்றேன்.