நாற்பதில் ஒருத்தி

குடியிருப்பின் பின்சுவரில் படம் வரைய ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, லிப்ட் மெக்கானிக்கின் செத்து ஆறு வருஷமான சம்சாரம் முப்பத்தொன்றாவது ஆளாக வந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு லேசான தூறல். பெயிண்ட் டப்பா பதினாறு வந்து இறங்கியிருந்தது, அதில் இரண்டு நசுங்கல்.

அவள் பெயர் பட்டியலில் இருந்ததற்கு மெக்கானிக்தான் காரணம். அந்தக் குடியிருப்பில் ஜோடியாக இருந்தால் இரண்டு அறை, ஒற்றை ஆளென்றால் ஒரே அறை, அதுவும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில். அதனால் சம்சாரம் ஆஸ்பத்திரியில் செத்துப்போனதை அவர் குடியிருப்பு ஆபீசில் சொல்லவேயில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அவரவர் வீட்டிலும் ஓர் ஆளைக் கூட்டியோ குறைத்தோ காட்டியிருந்ததால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இப்படியிருக்கும்போது, மக்களோடு சேர்ந்து வேலை செய்கிற கலைஞர்களுக்கு மானியம் தருகிறோம் என்று எங்கோ ஓர் அறக்கட்டளை அறிவிக்க, ஓர் ஓவியக்காரி மனுப் போட்டு வாங்கிவிட்டாள். நாற்பது பேர் கடைசிவரை கலந்துகொள்ள வேண்டும், ஒரு தலை குறைந்தாலும் கடைசித் தவணை கிடையாது என்பது விதி. ஆபீசில் குடியிருப்போர் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி வந்தவளை மெக்கானிக் வாசலிலேயே நிறுத்தினார். "லிப்ட் நின்னு ஒம்பது வருஷம் ஆச்சு. அதுக்கு மானியம் குடுக்க ஒரு பய வரல. சுவத்துக்குப் பூ போட வந்துட்டீங்களாக்கும். போம்மா, போய் வேலையப் பாரு" என்று கதவைச் சாத்தினார். பட்டியலில் அந்த வீட்டுக்கு இன்னொரு பெயரும் இருந்தது. அவள் அதை எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

வந்து நின்றவளின் மணிக்கட்டில் ஆஸ்பத்திரியில் கட்டிய பட்டை அப்படியே இருந்தது. காலில் செருப்பில்லை. கண் மங்கிவந்த மூன்றாவது மாடித் தையல்காரி அவளைக் கிட்டத்தில் பார்த்து, "என்னக்கா, இளைச்சுட்டியே" என்றதோடு சரி. ஓவியக்காரிக்கு நாற்பது தலை தேவைப்பட்டது, நாற்பது இருந்தது. ஆளுக்கு ஒரு பாகம் சுவரைப் பிரித்துக் கொடுத்து, தொலைந்துபோன எதையாவது வரையச் சொன்னாள். மற்றவர்கள் ஆலையையும் நாயையும் வரைந்தார்கள். மெக்கானிக் சம்சாரம் தன் பாகம் முழுக்க நீலத்தை அடித்தாள். இது என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லம்மா, நீலம்" என்றாள்.

மெக்கானிக்குக் கேள்விப்பட்டுத்தான் தெரிந்தது. நான்கு மாடி இறங்கி வந்து பார்த்துவிட்டு, ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். அவள் ஒன்பதுக்கு வருவாள், ஒரு மணிக்கு இருக்க மாட்டாள். திட்டத்தின் நேரம் அவ்வளவுதான். ஒரு தடவை கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்த்தார். மூன்றாம் படியில் அவர் கையில் பிரஷ் மட்டும் இருந்தது, அவள் சுவரருகில் நின்று வேறு பிரஷ் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. "ஏங்க, கேஸ மூடுனீங்களா?" என்பாள். மூடினேன் என்பார். "சட்டையில பட்டன் இல்ல, பாருங்க" என்பாள். ஆறு வருஷமாக அவரிடம் யாரும் பட்டனைப் பற்றிப் பேசியதில்லை.

இரண்டாம் மாசம் அறக்கட்டளையிலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வந்தார். எல்லோரையும் விட்டுவிட்டு நேரே அவளிடம் போய், "இந்தத் திட்டத்தால உங்க வாழ்க்கையில என்ன மாற்றம்மா?" என்றார். "முன்ன படுத்தே கெடந்தேங்க. இப்ப எந்திரிச்சு நிக்கிறேன்" என்றாள். தன்னம்பிக்கை கூடியிருக்கிறது என்று அதிகாரி எழுதிக்கொண்டார். திட்டத்தை நீட்டிக்க முடியுமா என்று மெக்கானிக் கேட்டார். அவர் ஒருவரிடம் கெஞ்சி அந்தக் குடியிருப்பு பார்த்ததில்லை. முடியாது, சுவர் முடிந்தால் திட்டம் முடிந்தது என்றார் அதிகாரி.

அதோடு மெக்கானிக் சுவரை முடிய விடாமல் பார்த்துக்கொண்டார். மத்தியானம் ஆட்கள் கலைந்ததும் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துவந்து நீலத்தைச் சுரண்டுவார். மறுநாள் அவள் வந்து ஒன்றும் கேட்காமல் மறுபடி அடிப்பாள். மற்ற முப்பத்தொன்பது பாகமும் முடிந்து மூன்று வாரம் ஆகியும் இது மட்டும் முடியவில்லை. வரைந்தவர்களுக்கான தினப்படி எல்லோருக்கும் கடைசித் தவணையில்தான் வரும். தையல்காரி அதை நம்பிக் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தாள்; அந்த நாள் போய்விட்டது. அவள் சுவரைத் தடவிக்கொண்டே வந்து மெக்கானிக்கின் முன்னால் நின்றாள்.

"அண்ணே, யாரு சொரண்டுறான்னு எனக்குத் தெரியும். சத்தம் கேட்டா தெரியாதா? கண்ணுதான் போச்சு, காது இருக்கு. உங்க பொண்டாட்டி செத்துட்டா. நான் இன்னும் சாவலண்ணே."

"போயி ஊருக்கெல்லாம் சொல்லு, போ."

"ஊருக்கு எதுக்கு? அந்தக்காவோட கையத் தொட்டுப் பாத்தேன். நீங்களும் பாருங்க முதல்ல."

பார்த்தார். இத்தனை நாளும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. சுண்டுவிரலும் அடுத்த விரலும் தேய்ந்து போயிருந்தன. ஒவ்வொரு பூச்சுக்கும் அவள் கொஞ்சம் செலவாகியிருந்தாள். மணிக்கட்டுப் பட்டை வளையல்போல முழங்கை வரை ஏறி ஆடியது.

"ஏய், நோவுதா?" என்றார்.

"நோவலங்க. அசதியா இருக்கு" என்றாள். பிரஷ்ஷை டப்பாவில் முக்கிக்கொண்டே, "செத்தும் தெனம் ஒம்பது மணிக்கு எந்திரிக்க வேண்டியிருக்கு. விட்டுருங்களேன்" என்றாள்.

அன்று மெக்கானிக் எதையும் சுரண்டவில்லை. மறுநாள் காலையில் அவள் கடைசி மூலையை அடித்து முடித்தாள். மிச்சமிருந்த விரல்களால் கையெழுத்தைப் போட்டு, பிரஷ்ஷைக் கழுவி வைத்தாள். ஒரு மணியானது.

அடுத்த வாரம் தினப்படி வந்தது, தையல்காரிக்கு ஒரு கண் பிழைத்தது, இன்னொன்றுக்குத் தாமதமாகிவிட்டது என்றார்கள். அதே வாரம் மெக்கானிக் ஆபீசுக்குப் போய், தன் சம்சாரம் இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார். எந்தப் பட்டியலிலும் இனி அவள் பெயர் இருக்கக் கூடாது, எவனும் கூப்பிடக் கூடாது என்றார். எப்போது இறந்தார் என்று குமாஸ்தா கேட்க, ஆறு வருஷம் என்றார். "போன வாரம் படம் வரஞ்சதா ரிப்போர்ட் இருக்கே?" என்றான் குமாஸ்தா. "அதுவும் சரிதான்" என்றார். குமாஸ்தா இரண்டையும் எழுதிக்கொண்டு, மாசக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னான். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கொடுத்தார்கள். சுவரில் எப்போதும் பாசி. அங்கே நாலு வருஷம் இருமிக்கொண்டு கிடந்து, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அதை அன்றைக்கே ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

பின்சுவரில் ஆலையும் நாயும் வெயிலில் வெளுத்து உரிந்துவிட்டன. அவள் அடித்த நீலம் மட்டும் இன்னும் காயவில்லை. துணி உலர்த்தப் போனவர்கள் சாய்ந்து முதுகெல்லாம் பூசிக்கொண்டு புகார் கொடுத்ததில், ஆபீசிலிருந்து 'ஈரம், தொடாதீர்கள்' என்று பலகை மாட்டினார்கள். பதினோரு வருஷத்தில் பலகை இரண்டு தடவை வெளுத்துப் போக, புதிதாக எழுதி மாட்டினார்கள். அந்த எழுத்து காய அரை நாள் ஆனது.