ராஜினாமாவுக்கு ஒரு பதில்

தண்ணீர் பம்ப் செய்யும் அந்தக் கம்பெனியில், எந்த ஆங்கிலக் கடிதமும் அவள் கை படாமல் வாசல் தாண்டாது. எல்லோருக்கும் அவள் ‘டீச்சரம்மா’. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன், ‘மிகுந்த கவனத்துடன் உடைந்துபோன பம்ப்பை மாற்றித் தருகிறோம்’ என்ற பொருள் வரும்படி மேனேஜரே ஒரு கடிதம் எழுதி வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தார். ஒரு வேலை எப்படி நடந்தது என்று சொல்லும் சொற்களை வாக்கியத்தில் எங்கே உட்கார வைப்பது என்று அவருக்குப் பிடிபடவில்லை. கவனமாக உடைப்பது எப்படி என்று அந்த வாடிக்கையாளர் கேட்டு எழுதியதை அவர் இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் அவளுடைய ராஜினாமாக் கடிதத்தை அவளிடமே நீட்டினார்.

“மூணு மாசம் கழிச்சுத்தான் விட முடியும்னு இதுக்கு ஒரு பதில் எழுதும்மா.”

“எனக்கு நானேவா சார்?”

“நான் எழுதினா கம்பெனி மானம் போயிடும். மனசு நோகாம எழுது.”

மூன்று மாத நோட்டீஸ் ஒப்பந்தத்தில் இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் அதைத் தள்ளுபடி செய்தவர்தான் அவர். இரண்டு வருடமாக அவள் கணவன் வேறு ஊரில். திங்கட்கிழமை மகளுக்கு அங்கே பள்ளி திறக்கிறது. வீடு பிடித்து, ஜன்னலுக்குத் திரைகூடப் போட்டுவிட்டான்.

பதிலை எழுதும்போது ஆத்திரத்தில், ‘மிகுந்த வருத்தத்துடன்’ என்பதை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்தாள். அவள் ஐந்து வருடம் வருத்தத்தோடு வேலை செய்ததாக வாக்கியம் சொன்னது. பொய்யில்லை என்று சிரித்துக்கொண்டாள். ஆனால் விரல் சும்மா இருக்குமா? தானாகவே போய்ச் சரிசெய்துவிட்டது.

மேனேஜர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். “இப்படி எழுதுறவளை எப்படிம்மா விடுறது?”

பஸ் நிறுத்தத்திலிருந்து கடிதத்தைப் படம் எடுத்துக் கணவனுக்கு அனுப்பினாள். உடனே அழைத்தான்.

“யாரு எழுதினது? படிச்சா கோபமே வர மாட்டேங்குது.”

“நான்தான்.”

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: “பாப்பாவை மட்டும் முதல்ல கூட்டிட்டு வந்துடவா? இல்லன்னா ஸ்கூல்ல சீட்டு போயிடும்.”

“உங்களுக்குத் தலை பின்னத் தெரியுமா?”

“கத்துக்கறேன்.”

“எல்லாம் வரிசையா எழுதி அனுப்பறேன்.”

“எழுதாதே தாயே. வாயால சொல்லு.”

சொல்ல ஆரம்பித்தாள். வகிடு எடுப்பதற்குள்ளேயே இரண்டு பஸ் போய்விட்டன.