தம்பியின் இதயத்துக்கு அண்ணன் போட்ட நிபந்தனைகள்

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் கம்பெனியில் பாபு பதினொரு வருஷம் வேலை பார்த்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வடக்குப்பட்டு வீட்டுக்குத் திரும்பும்போது, பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த கன்டெய்னர் லாரி இடித்துத் தள்ளியது. வியாழக்கிழமை காலை, சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில், மூளைச்சாவு என்று சொல்லிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அண்ணன் ஸ்ரீதருக்குத் தம்பிமேல் பாசம் பொங்கியது. மதில் சுவர்த் தகராறில் ஆறு வருஷமாகப் பேச்சில்லை. 'ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன்' என்று தம்பியைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வந்தவர், இப்போது அவன் உடம்பில் ஒவ்வொரு துண்டுக்கும் காவல் நின்றார்.

உறுப்பு தானம் பற்றிப் பேச வந்த ஒருங்கிணைப்பாளர் ஐஸ்வர்யா, பாபுவின் மனைவி மரகதத்தின் பக்கத்தில் உட்கார்ந்து சம்மதம் கேட்டாள். பதில் ஸ்ரீதரிடமிருந்து வந்தது.

"இன்னாம்மா, மிஷின்ல இதயம் துடிச்சிக்கினு கீது. செத்துட்டான்றீங்க?"

"வென்டிலேட்டர் மூச்சு கொடுக்குறதால துடிக்குது சார். நாலு டாக்டருங்க, ஆறு மணி நேரம் விட்டு ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணாங்க. மிஷினைக் கழட்டியும் பாத்தாங்க. அவரா ஒரு மூச்சுகூட எடுக்கல."

"ரெண்டாவது வாட்டி நானும் கண்ணாடி வழியா பாத்தேன்," என்றாள் மரகதம். "மாரு அசையவே இல்ல."

ஸ்ரீதர் அடுத்த சந்தேகத்துக்குப் போனார். "இதயம் எந்த ஜாதிக்காரனுக்குப் போவும்?"

"ரத்த குரூப், உடம்பு அளவு, யாருக்கு அவசரம். இதெல்லாம்தான் பாப்பாங்க சார்."

இப்படியொரு ஒழுங்கீனத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. உடனே வேறு கணக்குப் போட்டார். முகம் மலர்ந்தது.

"சரி, எட்துக்கோங்க. ஆனா கிட்னி ஒண்ணு என் மச்சான் காசிராஜனுக்கு. டயாலிசிஸ்ல கீறாரு."

"பதிவு பண்ணியிருக்காரா?"

"இல்ல. செத்தவன் உறுப்பு தன் ஒடம்புல ஏறக்கூடாதும்பாரு. இது சொந்தக்காரன்துதானே!"

"அரசாங்கப் பட்டியல்ல வரிசைப்படிதான் போகும் சார். ஆளை நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது."

"அப்போ சம்மதம் கெடையாது!"

மரகதம் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க சம்மதத்த யாரு மாமா கேட்டாங்க? கம்பெனில ரத்ததானம்னா அவரு மொத ஆளா போய்ப் படுப்பாரு. யாருக்குப் போவுதுன்னு ஒருநாளும் கேட்டதில்ல."

படிவத்தை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள்.

போலீஸ் விசாரணை, பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து மறுநாள் உடல் வீட்டுக்கு வந்தது. உறுப்பு தானம் செய்தவன் என்பதால் அரசு மரியாதை. அதிகாரி மலர்வளையம் வைத்தார். தங்கை கல்யாணத்துக்கு பாபு கேட்ட ஒருநாள் லீவைத் தராத கம்பெனி, அவன் வேலை பார்த்த லைன் மொத்தத்துக்கும் அரைநாள் லீவு கொடுத்தது. ஸ்ரீதர் எல்லா போட்டோவிலும் முன்வரிசையில் நின்றார். டிவிக்காரரிடம், "குடும்பமா உக்காந்து எடுத்த முடிவு," என்றார்.

ஒரு வாரம் கழித்து ஐஸ்வர்யா போன் செய்தாள். "இதயம், கல்லீரல், ரெண்டு கிட்னி... நாலு பேருமே நல்லா இருக்காங்கக்கா. கருவிழி ரெண்டு பேருக்கு வச்சாச்சு. பேரு மட்டும் சொல்லக்கூடாது."

"சொல்லாத," என்றாள் மரகதம். "தெரிஞ்சா எங்க மாமா அங்கயும் போய்ப் பங்கு கேப்பாரு."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே மரகதத்துக்கு அழுகை வந்துவிட்டது. ஐஸ்வர்யா போனை வைக்காமல் காத்திருந்தாள்.