ஒரு கருவிழியும் இரண்டு கட்டிலும்

அன்று எங்கள் கையில் இருந்தது ஒரே ஒரு கருவிழி. தானமாக வந்த ஜோடியில் மற்றது பரிசோதனையில் தேறவில்லை. காத்திருந்தவர்களோ இரண்டு பேர். ஒருவர் மருத்துவமனைச் செயலாளரின் மாமனார். கருவிழியின் உள்பக்கம் கெட்டு, நீர் கோத்து வீங்கியிருந்தது. இன்னொருத்தி வெல்டிங் பட்டறைக்காரி. மேல்பக்கம் முழுக்கத் தழும்பு. அவளுக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இதுவும் போனால் இருட்டுதான்.

தலையைப் பிய்த்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. அவருக்கு உள்ளடுக்கு போதும், அவளுக்கு மேலடுக்கு போதும். லேசர் ஒரே கருவிழியை இரண்டு அடுக்காகப் பிரித்துக் கொடுத்துவிடும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் சில சமயம் நடுங்கும், அது நடுங்காது.

செயலாளர் ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்கே வந்துவிட்டார். மாமனாருக்கு முழுசாகத்தான் வைக்க வேண்டுமாம். பங்கு போட இது என்ன பிறந்தநாள் கேக்கா என்று கேட்டார். முழுசாக வைத்தால் சுற்றிலும் தையல், ஆற மாதக்கணக்காகும், உள்ளடுக்கு மட்டும் வைப்பதுதான் அவருக்கே நல்லது என்று பொறுமையாகச் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாமனாருக்குப் பாதியை வைத்துவிட்டு மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அவர் கவலை. கடைசியில், என் வேலை யார் கையெழுத்தில் ஓடுகிறது என்பதை ஞாபகப்படுத்தினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"மெஷின் இது யாரோட மாமனாருக்குன்னு கேக்காது சார். எவ்வளவு ஆழம்னுதான் கேக்கும்."

அவரை அங்கேயே நிற்கவிட்டு, நேராக மாமனாரின் கட்டிலுக்குப் போனேன். கண் அவருடையது, மருமகனுடையது அல்ல. மீதி இன்னொருவருக்குப் போகும் என்பது உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பெரியவர் வீங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குப் பார்வை வந்தா சரி. மீதியை வெச்சு நான் என்னம்மா பண்ணப் போறேன்? வெட்டுங்க. மாப்பிள்ளைகிட்ட நான் பேசிக்கறேன். கேக்க மாட்டாரு, ஆனாலும் பேசறேன்."

தியேட்டருக்குத் திரும்பிக் கருவிழியைத் தாங்கியில் பொருத்தினேன். லேசரின் கண்ணாடி அதன்மேல் மெல்லப் படிந்தது. வெட்ட வேண்டிய ஆழத்தைத் திரையில் தட்டினேன். செயலாளர் மேலிடத்துக்குப் போன் போடுகிறார், பதில் வரும்வரை பொறுக்கச் சொல்கிறார் என்று நர்ஸ் அக்கா கதவைத் திறந்து உள்ளே வந்து சொன்னார். சொல்லும்போதே மறுபடி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

லேசரின் மிதியை அழுத்தினேன். வெட்டியதை எந்த மேலிடத்தாலும் ஒட்டவைக்க முடியாது.

மறுநாள் பட்டறைக்காரியின் கட்டை அவிழ்க்கப் போனபோது, மாற்றல் உத்தரவு என் கோட்டுப் பையில் இருந்தது. லேசரே இல்லாத கிளை மருத்துவமனையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனால் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது நான் தலையைக் குனியவில்லை.

கட்டு அவிழ்ந்தது. முதலில் மங்கலாகத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தேன். அவள் என் முகம் இருக்கும் பக்கம் உற்றுப் பார்த்தாள்.

"வார்டு பூராவும் பேசிக்கறாங்களே, திமிர் பிடிச்ச டாக்டரம்மான்னு. அது நீங்கதானா?"

"நான்தான்."

"அசையாம இருங்க," என்றாள். "நல்லாப் பாத்துக்கறேன்."