பயறு விற்றவரின் குரல்

யாங்கோனில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் தமிழ்மணியின் முகத்தைத் தெரியாதவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். பெயரைக் கேட்டால்தான் எல்லாரும் முழிப்பார்கள். பபேடானில் டீக்கடையில் உட்கார்ந்தால், பக்கத்து மேசைக்காரர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்க அந்தக் காவல்காரர்தானே?" என்பார். இன்னொருவர், இல்லை, வட்டிக்காரர் என்பார். தமிழ்மணி இரண்டுக்கும் தலையாட்டி வைப்பார். இரண்டும் அவர்தானே.

அறுபத்து மூன்று படங்கள். பர்மியப் படத்தில் ஓர் இந்தியன் வாசலில் நிற்க வேண்டுமா, கடனைத் திருப்பிக் கேட்டு வந்து கதாநாயகனிடம் அறை வாங்க வேண்டுமா, கூப்பிடு கோ மணியை. வயதான பிறகு, பெரியவருக்கான மரியாதையோடு, கூப்பிடு ஊ மணியை. மூன்று படங்களில் செத்திருக்கிறார். இரண்டில் நாய் கடித்திருக்கிறது. ஒன்றில்கூட அவருக்குப் பெண்டாட்டி கிடையாது.

பழைய அமெரிக்கப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிற ஓர் உதவி இயக்குநர் ஒருமுறை அவரிடம் சொன்னார்: அங்கேயும் உங்களைப் போல ஆட்கள் இருந்தார்கள், ஒரு படத்தில் சாராயக்கடைக்காரர், அடுத்த படத்தில் நீதிபதி, அதற்கடுத்ததில் பிணம். முப்பது வருடம் திரையில் வந்திருப்பார்கள், தெருவில் பார்த்தால் தூரத்துச் சொந்தமோ என்று ஜனங்கள் யோசிப்பார்கள். தமிழ்மணிக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அமெரிக்கர்களுக்குப் படத்துக்கு ஒரு குரல் கிடைத்திருக்கும். இவருக்கு அறுபத்து மூன்று படத்துக்கும் ஒரே குரல். அதுவும் அவருடையது இல்லை.

அவர் சொந்தமாகப் பேசுகிற பர்மிய மொழியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மண்டலே பள்ளிக்கூட வாத்தியார் பேசுகிறார் என்று நினைப்பீர்கள். அந்த மொழியில் அவரை ஒரு வசனம் பேசவிட்டதில்லை. படத்தில் அவர் பேசியது உடைந்த பர்மியம். சொற்கள் தடுக்கும், தொனி தாறுமாறாகப் போகும், கடைசிச் சொல் மேலே ஏறிக் கீச்சிடும். கொட்டகை குலுங்கிச் சிரிக்கும். அந்தப் பேச்சு அண்ணன் செல்லக்கண்ணுவுடையது.

அண்ணனுக்கும் அவருக்கும் பதினொரு வயது வித்தியாசம். அப்பா துறைமுகத்தில் மூட்டை சரிந்து செத்தபோது தமிழ்மணிக்கு ஆறு வயது. அண்ணன் அதே துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார், தம்பியைப் பர்மியப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். துறைமுக வேலை போனதும் பயறு வேகவைத்துத் தெருத்தெருவாக விற்றார். பெபியோ என்றால் இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் காலைச் சாப்பாடு. விடிந்ததும் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, "பெபியோ... பெபியோ..." என்று கூவிக்கொண்டு போவார். தமிழர்களோடேயே வளர்ந்தவர், பர்மியத்தை வியாபாரத்துக்காக முப்பதை நெருங்கும்போது கற்றுக்கொண்டவர். வாய்க்கு அது முழுசாக வசப்படவில்லை. வாங்குகிற பெண்களுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. பயறு பஞ்சாக வெந்திருக்கும்.

தமிழ்மணி இருபத்து மூன்று வயதில் ஒரு ஸ்டூடியோவில் விளக்குத் தூக்குகிற வேலையில் இருந்தார். ஒருநாள் பயறு விற்பவனாக நடிக்க வேண்டிய ஆள் வரவில்லை. இயக்குநர் கத்திக்கொண்டிருந்தார். தமிழ்மணி விளக்கைக் கீழே வைத்துவிட்டு, யாரும் கேட்காமலே, அண்ணனைப் போலக் கூவிக் காட்டினார். செட்டே சிரித்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னும் கொஞ்சம் கூட்டு." கூட்டினார். "இன்னும் கொஞ்சம்." இன்னும் கூட்டினார். அன்றைக்கு அவர் கால் தரையிலேயே படவில்லை. வீட்டுக்குப் போய், படத்தில் நடிக்கிறேன் என்று சொன்னார். எப்படி நடிக்கிறேன் என்று சொல்லவில்லை.

படம் வந்தது. அண்ணன் புது லுங்கி கட்டிக்கொண்டு, அண்ணி நீலாம்பாளையும் மாடிக்கு மாடி இருந்த சனங்களையும் திரட்டிக்கொண்டு போனார். என் தம்பி, என் தம்பி என்று வழியெல்லாம் ஒரே பீத்தல். தமிழ்மணி இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் தோன்றியதும் அண்ணன் கைதட்டினார். வாயைத் திறந்ததும் கொட்டகை சிரித்தது, அண்ணனும் சிரித்தார். பிறகு பக்கத்துப் போர்ஷன்காரன் அண்ணனின் தொடையில் தட்டி, "இது நீதானே!" என்றான். அண்ணனின் தோள் அசைவது நின்றுபோனதைத் தமிழ்மணி பின்னாலிருந்து பார்த்தார்.

வெளியே வந்தபோது அண்ணன் ஒரு வார்த்தைதான் சொன்னார். "நல்லா செஞ்சே தம்பி."

அதற்குப் பிறகு தெருவில் அண்ணன் கூவினால் ஜன்னலுக்கு ஜன்னல் எதிர்க்குரல் கிளம்பியது. சின்னப் பிள்ளைகள் பின்னாலேயே வந்தன. பயறு வாங்க வந்த பெண்கள் காசை நீட்டாமல், "படத்தில் சொன்னதைச் சொல்லுங்களேன்" என்றார்கள். பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினோராவது நாள் கூடையைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் தெருவில் நடந்தார். கூவாத பயறுக்காரனை யார் கண்டார்கள்? கூடை நிறையப் பயறு வீட்டுக்குத் திரும்பி வந்தது. மூன்று மாதத்தில் அண்ணனும் அண்ணியும் ஆற்றைத் தாண்டி டாலாவுக்குக் குடிபோனார்கள். அங்கே அண்ணன் சைக்கா மிதித்தார். மூன்று சக்கர வண்டிக்காரன் பேச வேண்டியதில்லை, எங்கே என்று தலையை ஆட்டிக் கேட்டால் போதும்.

சண்டை போட்டிருந்தால் தேவலை. அண்ணன் சண்டையே போடவில்லை. தீபாவளிக்குத் தமிழ்மணி போவார், அண்ணன் வாங்க என்பார், சாப்பிடச் சொல்வார், திரும்பும்போது சைக்காவில் ஏற்றிப் படகுத்துறை வரை கொண்டுவந்து விடுவார். சைக்காவில் இரண்டு இருக்கை உண்டு, ஒன்று முன்பக்கம் பார்த்து, ஒன்று பின்பக்கம் பார்த்து. தமிழ்மணி எப்போதும் பின்பக்கம் பார்த்தே உட்கார்ந்தார். சொல்ல வேண்டும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பதற்குள் துறை வந்துவிடும். நாற்பத்தெட்டு தீபாவளி அப்படியே போயிற்று. இந்தக் கோழைத்தனத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது.

நான்கு மாதத்துக்கு முன்னால் அண்ணன் செத்துப்போனார். எண்பத்து மூன்று வயது, காய்ச்சல், இரண்டே நாள். பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு தமிழ்மணி அழுதார். நடிகன் அழுகிறான் என்று நான்கு பேர் எட்டிப் பார்த்தார்கள். அதற்குமேல் அவருக்கு அழுகை வரவில்லை.

போன வாரம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. "தம்பி, ஒரு தடவை வந்துட்டுப் போங்க. ஒரு விசயம் கேக்கணும்."

கேட்கட்டும் என்று நினைத்தார் தமிழ்மணி. உன்னால்தான் அவர் வாயை மூடினார் என்று முகத்துக்கு நேராகக் கேட்டால் நல்லதுதான். அவள் காலில் விழுந்துவிடலாம். அண்ணன் மன்னித்துவிட்டார் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைச் சொல்ல இனி உலகத்தில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். எழுபத்திரண்டு வயதில் அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தை. படகில் நின்றபடி சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனார். வசனம் மறந்துபோகும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆனாலும் டாலா துறையில் இறங்குவதற்குள் மூன்று முறை மறந்தார்.

அண்ணி ஒற்றை அறை வீட்டில் மூங்கில் தட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண் வந்து பார்த்துக்கொள்கிறாள். எழுந்து டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். தமிழ்மணி டம்ளரைத் தொடவில்லை.

"அண்ணி, நானும் ஒண்ணு சொல்லணும்னுதான் வந்தேன்."

"சொல்லுங்க. மொதல்ல நான் கேக்க வேண்டியதக் கேட்டுக்கிறேன், இல்லாட்டி மறந்துருவேன்." அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன்."

"அவுக பயறு வித்த காலத்துல, தெருக்கோடியில வரும்போதே சத்தம் கேக்கும். கேட்டதும் நான் ஒலையை வைப்பேன். அவுக படியேறி வர்றதுக்கும் தண்ணி கொதிக்கிறதுக்கும் சரியா இருக்கும். இங்க வந்த பொறவு அவுக சத்தமாப் பேசுனதே இல்ல தம்பி. என்கிட்டக்கூட மெல்லத்தான். செத்த பொறவு ராவும் பகலும் யோசிச்சுப் பாக்கேன், அந்தக் கூவுற சத்தம் மட்டும் நெனவுக்கு வர மாட்டேங்குது. மூஞ்சி வருது, இருமல்கூட வருது. அது வரல." அவள் அவரைப் பார்த்தாள். "உங்க தொண்டையிலதான் அது இருக்கு. ஒரு தடவை கூவிக் காட்டுங்க. கேட்டுக்கிறேன்."

தமிழ்மணி இதை எதிர்பார்க்கவில்லை. திட்டு வாங்கத் தயாராக வந்தவரிடம் பிச்சை கேட்டால் என்ன செய்வார்? "அண்ணி, அதால அண்ணனுக்கு..." என்று தொடங்கினார்.

"அதெல்லாம் தெரியும்" என்றாள் அவள். "அவுக ஒண்ணும் சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல. நீங்க கூவுங்க."

அவர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு கூவினார். "பெபியோ... பெபியோ..." கணீரென்று வந்தது. கடைசியில் மேலே ஏறிக் கீச்சிட்டு உடைந்தது, எங்கே உடைய வேண்டுமோ அங்கே. பக்கத்து வீட்டுப் பெண் தன் வாசலிலிருந்து சிரிப்பது கேட்டது.

அண்ணி சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "இது படத்துல வர்ற ஆளு தம்பி. அவுக இல்ல."

"இருங்க அண்ணி." மறுபடி கூவினார். மெதுவாக, சத்தத்தைக் குறைத்து. கடைசியில் அது தானாக ஏறியது. அவர் ஏற்றவில்லை, தொண்டை ஏற்றியது.

"அவுகளுக்கு எறங்கும்" என்றாள் அவள், உதவி செய்கிறவளைப் போல. "கடைசியில எறங்கும்னு நெனைக்கேன். பச்சப்புள்ள இருக்கிற வீட்டு முன்னால இன்னும் எறக்கிச் சொல்லுவாக, புள்ள முழிச்சுக்கும்னு."

அது தமிழ்மணிக்கு ஞாபகம் வந்தது. இறக்கிச் சொல்வார் என்பது ஞாபகம் வந்தது, எப்படி இறக்குவார் என்பது வரவில்லை. மூன்றாம் முறை கூவினார், நான்காம் முறை கூவினார். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்ற காவல்காரன் வந்தான், அறை வாங்கிய வட்டிக்காரன் வந்தான், நாய் கடித்தவன் வந்தான். இன்னும் கொஞ்சம் கூட்டு என்று எத்தனை பேர் சொன்னார்கள், எத்தனை முறை கூட்டினார்! கூட்டியதெல்லாம் அப்படியே இருந்தது. அடியில் இருந்த அண்ணனைக் காணவில்லை. திருடினோம் என்றுதான் அவர் இத்தனை வருடம் மருகினார். திருடிய பொருள் கையிலாவது பத்திரமாக இருக்கிறது என்று உள்ளூர நினைத்திருந்தார். அதுவும் இல்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

ஐந்தாம் முறை வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

அண்ணி கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டாள். குரலில் கோபம் இல்லை, துணை கிடைத்தவளின் நிம்மதிதான் கொஞ்சம் இருந்தது.

"விடுங்க தம்பி. உங்களுக்கும் மறந்துதான் போச்சு."

"ஆமா அண்ணி" என்றார் தமிழ்மணி.

அவள் அவர் சொல்ல வந்தது என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றார். ஆறிப்போயிருந்த டீயை எடுத்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.